எல்லையம்மன் நகருக்குக் கடல் வந்திருந்தபோது

எல்லையம்மன் நகருக்குக் கடல் வந்து தங்கியிருந்த வருஷங்களில் அதை ஒரு தடவைகூடப் பார்க்காத ஆள் ஊரிலேயே முனிரத்தினம் ஒருவன்தான். அதிலும் அந்தக் கடல் வந்து நின்றதே அவன் வீட்டுக் கொல்லைக் கதவுக்குப் பின்னால்தான் என்பதைச் சொல்லித் தலையை ஆட்டிக்கொள்ளாதவர்கள் இன்றைக்கும் அந்தப் பக்கத்தில் இல்லை.

கிருஷ்ணகிரியைத் தாண்டி, பாறைக் குன்றுகளுக்கு நடுவே, மழையை மறந்துபோன மண்ணில் மனை பிரித்து எழும்பிய நகர் அது. முனிரத்தினம் ஓசூரில் லாரிகளுக்குக் கியர் பெட்டி செய்கிற கம்பெனியில் மெஷின் ஓட்டினான். அவன் மனைவி அலமேலு அஞ்செட்டிப் பக்கம் காட்டோரத்தில் பிறந்தவள், சுனையையும் ஓடையையும் தவிர வேறு தண்ணீர் அறியாதவள். கல்யாணமான புதிதில், உனக்கு என்ன வேணும் கேளு என்று அவன் கேட்டபோது, நகை கேட்காமல் புடவை கேட்காமல், “கடல் பாக்கணுங்க. அவ்ளோ தண்ணியும் கரையில்லாம ஒரே எடத்துல எப்படி நிக்குதுன்னு பாக்கணும்” என்றாள். பொங்கலுக்குக் கூட்டிப்போகிறேன் என்று அவன் சொன்னான். அந்தப் பொங்கலுக்கு ஹேமா வயிற்றில் இருந்தாள், அடுத்த பொங்கலுக்கு ஹேமா கைக்குழந்தை, அதற்கடுத்த பொங்கலுக்குள் வீடு வந்துவிட்டது, வீட்டோடு வங்கிக் கடனும் வந்துவிட்டது.

கடன் என்ற சொல்லே முனிரத்தினத்துக்கு ஆகாது. அவன் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அவன் அப்பா வீட்டை அடமானம் வைத்து ஆழ்துளைக் கிணறு போட்டார், கிணற்றில் புழுதிதான் வந்தது. ஒரு நாள் கோர்ட்டு அமீனா ஆட்களோடு வந்து வீட்டிலிருந்த சாமான்களைத் தெருவில் எடுத்து வைத்தபோது, அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த ரசத்தையும் சட்டியோடு தூக்கி வந்து மண்ணில் வைத்தார்கள். தெருவே நின்று பார்த்துக்கொண்டிருக்க, அவன் அம்மா அந்தச் சட்டியிலிருந்து எழும்பும் ஆவியைப் புடவைத் தலைப்பால் மூட முயன்றுகொண்டிருந்தாள். அந்த ஆவி அதற்குப் பிறகு முனிரத்தினத்தின் கண்ணை விட்டுப் போகவேயில்லை. ஆகவே வங்கிக்காரர்கள் முப்பது வருஷத் தவணை என்று சொன்னபோது, பாதியிலேயே முடித்துக் காட்டுகிறேன் என்று அவன் தனக்குள் சொல்லிக்கொண்டான்.

“ஒத்தைச் சம்பளத்துல எப்படிங்க முடியும்?” என்றாள் அலமேலு.

“உடம்பு இருக்குதுல்ல” என்றான் முனிரத்தினம்.

உடம்பை அவன் உண்மையாகவே கொடுத்தான். ஓவர்டைம் என்றால் முதல் கை அவனுடையது, ஞாயிற்றுக்கிழமை ஷிப்டு என்றால் அவன் பெயர், பண்டிகை நாளில் மெஷினை நிறுத்தாமல் ஓட்ட ஆள் வேண்டுமென்றால் சூப்பர்வைசர் வேறு யாரிடமும் கேட்பதேயில்லை. போனஸ் வந்த அன்றைக்கே வங்கிக்குப் போனது, அலமேலுவின் தாய்வீட்டுச் சங்கிலி அவள் கழுத்திலிருந்து இறங்கி அதன் பின்னாலேயே போனது. சுவருக்கு வெள்ளையடிப்பதா, கடன் முடியட்டும். ஹேமாவுக்குச் சைக்கிளா, கடன் முடியட்டும். கடலா, கடன் முடியட்டும். சாமி கும்பிடுகிறவன் முணுமுணுப்பதைப் போல அவன் அதைச் சொல்லிச் சொல்லி, கடைசியில் ஹேமாவே தான் கேட்க நினைத்ததைக் கேட்பதற்கு முன்னால் அந்தப் பதிலைத் தானே சொல்லிக்கொண்டு விளையாடப் போய்விடுவாள்.

அப்படி இருக்கையில்தான் கடல் வந்தது. ஏன் வந்தது என்று யாருக்கும் தெரியாது, யாரும் பெரிதாகக் கேட்டுக்கொள்ளவுமில்லை. ஆடி மாசத்தில் ஒரு காலை, துணி காயப்போடக் கொல்லைக் கதவைத் திறந்த அலமேலு, வழக்கமாகக் கண்ணில் படுகிற சீமைக்கருவேலங்காட்டையும், பெங்களூர்க்காரர்கள் வாங்கிப் போட்டுவிட்டு மறந்துபோன மனைகளின் எல்லைக் கற்களையும் காணாமல், படியிலிருந்து கூப்பிடு தூரத்தில் மணலும், மணலைத் தாண்டிக் குன்றுகள் வரைக்கும், குன்றுகளையும் தாண்டி வானம் வரைக்கும் தண்ணீரும் இருப்பதைப் பார்த்தாள். குன்றுகள் முட்டளவு தண்ணீரில் இறங்கி நிற்கும் எருமைகளைப் போல அதனதன் இடத்தில் நின்றுகொண்டிருந்தன. அவள் கத்தவில்லை, யாரையும் கூப்பிடவில்லை. ஈரத்துணி வாளியைக் கீழே வைத்துவிட்டு, வருகிறேன் வருகிறேன் என்று சொல்லி வெகுநாள் ஏமாற்றிய அக்காவிடம் கேட்பதைப் போல, “வந்துட்டியா?” என்று மட்டும் கேட்டாள்.

பிறகு ஊர் வந்தது. பால்காரர் வந்து, எருமையை இதில் கழுவலாமா என்று விசாரித்தார். மளிகைக் கடை தாமோதரன் ஒரு விரலை முக்கி நாக்கில் வைத்து, “உப்புதான். நல்ல உப்பு” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, அன்று வந்திறங்கிய உப்பு மூட்டைகளை அதே வண்டியில் திருப்பி அனுப்பினார். கிராம நிர்வாக அலுவலர் வந்து கரையில் வெகுநேரம் நின்று தலையைச் சொறிந்து, கணக்கில் இது தரிசு நிலம் என்றுதான் இருக்கிறது, மேலே எழுதியிருக்கிறேன், பதில் வரும்வரைக்கும் யாரும் இதைக் கடல் என்று சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், அவருடைய மனசைப் புண்படுத்தாமல் இருக்க அவர் எதிரில் மட்டும் எல்லோரும் அதைத் தண்ணி என்று சொன்னார்கள். ஒரு வாரத்தில் கீழைக் கரையிலிருந்து மீனவர்கள் கட்டுமரங்களை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினார்கள். எப்படித் தெரிந்தது என்று கேட்டதற்கு, “வாசனை வந்துச்சு” என்றார் அவர்களில் மூத்தவரான அந்தோணிராஜ். எல்லையம்மன் கோயில் பூசாரி அம்மனிடம் பூப்போட்டுக் கேட்டு, செவ்வாய்க்கிழமை தெருவில் மீன் நாற்றம் வரக் கூடாது என்ற ஒரே நிபந்தனையோடு உத்தரவு வாங்கிக் கொடுத்தார். அதுவரைக்கும் அணை மீன் வறுவலைத் தவிர வேறு மீன் தெரியாத பெண்கள் சுறாப்புட்டு செய்யப் பழகினார்கள். ஷேர் ஆட்டோக்களின் நெற்றியில் கடற்கரை என்று எழுதினார்கள், சுண்டல் வந்தது, பலூன் சுடுகிற துப்பாக்கி வந்தது, தை அமாவாசைக்குத் தர்ப்பணம் கொடுக்கத் தர்மபுரியிலிருந்தெல்லாம் ஜனம் வந்தது. இரண்டு வருஷம் போனதும் கடல் வந்த அதிசயத்தை யாரும் பேசவில்லை, ஜன்னல் கம்பி துருப்பிடிப்பதையும் அரிசியில் மணல் கடிபடுவதையும்தான் பேசினார்கள்.

கடல் வந்த முதல் நாள் பொழுதுசாய்ந்து வெகுநேரம் கழித்து முனிரத்தினம் வீட்டுக்கு வந்தபோது, அலமேலு அவன் கையைப் பிடித்து இழுத்தாள். “ஏங்க, கடல் வந்திருக்குது.”

“கேள்விப்பட்டேன், பஸ்ஸுல சொன்னாங்க” என்றான் அவன். கண் எரிந்தது, வெளியே இருட்டாக இருந்தது, இருட்டில் என்ன தெரியும், காலையில் பார்க்கலாம் என்றான். காலையில் விடியும் முன்னே கம்பெனி பஸ் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம் என்றான், ஞாயிற்றுக்கிழமை ஷிப்டு இருந்தது. இப்படி நாள் போகப் போக, ஊரெல்லாம் பார்த்து முடித்து அலுத்தும் போன பிறகு, கடைசி ஆளாகப் போய் எட்டிப் பார்க்க அவனுக்கு என்னவோபோல் இருந்தது. அந்தக் கூச்சம் மெல்ல மெல்ல ஒரு வைராக்கியமாக இறுகியது.

“அலமேலு, ஒண்ணு முடிவு பண்ணிட்டேன்” என்றான் ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே. “கடங்காரனா நின்னு நான் அதைப் பாக்க மாட்டேன். பத்திரம் கைக்கு வர்ற அன்னைக்கு, நம்ம வீட்டுல, நம்ம கதவைத் தொறந்து, நீயும் நானுமா சேர்ந்து நின்னு பாப்போம். அதுவரைக்கும் பத்திரமா பாத்து வை.”

“எடுத்து வைக்கறதுக்குக் கடல் என்னங்க பலகாரமா?”

“எங்க போவப் போவுது? வந்த கடல் திரும்பிப் போன கதையை எங்கனா கேட்டிருக்கியா?”

“வந்த கதையே இப்பதாங்க கேக்குறேன்” என்றாள் அலமேலு.

சொன்னபடியே அவன் இருந்தான். கொல்லைப்புற ஜன்னலை உப்புக்காற்று வருகிறது என்று பலகை வைத்து அடைத்தான், பகலில் தூங்குகிற வாரங்களில் காதில் பஞ்சு வைத்துக்கொண்டான், கொல்லைப்பக்கம் போகவேண்டிய வேலையை எல்லாம் அலமேலுவிடம் விட்டான். கடலை அவன் அறிந்ததெல்லாம் ரசத்தில் கரித்த உப்பாகவும், சுவருக்கு அந்தப் பக்கம் ஓயாமல் மூச்சுவிடுகிற சத்தமாகவும், தூங்குகிற ஹேமாவின் தலைமுடியில் ஒட்டியிருந்த மணலாகவும்தான். படுப்பதற்கு முன் பாயிலிருந்து மணலைக் கையால் தள்ளிவிட்டு, மகளின் கறுத்துப்போன காலைப் போர்த்திவிட்டு, இன்னும் கொஞ்ச நாள்தான் என்று சொல்லிக்கொள்வான். தாமோதரன் கடையில் ஒருமுறை எண்ணெய் வாங்கப் போனபோது, “நாங்கல்லாம் கடலைப் பாக்குறோம், நீ கடனைப் பாக்குற. ஒரே எழுத்துதான்யா வித்தியாசம்” என்று தாமோதரன் சொல்ல, கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். முனிரத்தினமும் சிரித்தான். வங்கி மேலாளர்கூட ஒருமுறை அவனை உட்காரவைத்து, உங்கள் வீடு இப்போது கடலோர வீடு, மதிப்பு எங்கேயோ போய்விட்டது, இதை வைத்து இன்னும் கொஞ்சம் வாங்கிக்கொள்ளுங்கள் என்று டீ கொடுத்துச் சொன்னார். டீயைக் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டான்.

அலமேலு அவனைக் கூப்பிடாமல் இருந்ததில்லை. தண்ணீர் பொன்னாக மாறியது என்று கூப்பிட்டாள், மழை கடல்மேல் நடந்து வருகிறது என்று கூப்பிட்டாள், ஒன்றுமே இல்லை சும்மா வாருங்கள் என்றும் கூப்பிட்டாள். ஒரு சாயங்காலம் இடுப்புவரை நனைந்த புடவையோடு ஓடி வந்தாள். குன்றுகளுக்கு நடுவே ஒரு திமிங்கலம் குட்டியோடு வந்திருந்தது, ஊர் முழுக்கக் கரையில் நின்றது. முனிரத்தினம் ராத்திரி ஷிப்டுக்குக் கிளம்பி ஷூவுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தான்.

“ஒரு நிமிஷங்க. குட்டியை முதுகுல தூக்கித் தூக்கி மூச்சு வாங்க வைக்குதுங்க. ஒரே ஒரு நிமிஷம்.”

அவள் முகத்தைப் பார்த்ததும் அவன் எழுந்துவிட்டான். வைராக்கியமெல்லாம் மறந்து அடுப்படி வரைக்கும் அவள் பின்னாலேயே போனான். ஒருக்களித்திருந்த கொல்லைக் கதவின் இடுக்கில் நீலமாக ஒரு கோடு தெரிந்தது. தெருவில் கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. அன்றைக்குப் போகவில்லையென்றால் அந்த வாரத்து ஓவர்டைம் முழுக்கப் போய்விடும்.

“இன்னும் ரெண்டே வருஷம் அலமேலு” என்று சொல்லிவிட்டுத் திரும்பி ஓடினான். அவள் கதவருகிலேயே நின்றாள். அவள் கையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு அவள் கூப்பிடுவதை நிறுத்திவிட்டாள். கோபித்துக்கொண்டல்ல. சோறு போட்டாள், சட்டை துவைத்தாள், அவன் தூங்கும்போது தெருப்பிள்ளைகளைச் சத்தம் போடாதீங்க என்று விரட்டினாள். ஆனால் அவள் பேச்சில் அவனுக்குத் தெரியாத சொற்கள் வந்து சேர்ந்தன. கீழ்க்காற்றைக் கொண்டல் என்றாள், கடல் நீரோட்டத்தை நீவாடு என்றாள். அந்தோணிராஜின் மனைவி செல்வமேரியிடம் அவள் நீச்சல் கற்றுக்கொண்டதும், ஹேமாவும் அவளும் முதல் குன்று வரைக்கும் நீந்திப் போய் அதன்மேல் உட்கார்ந்து நெல்லிக்காய் தின்றுவிட்டுத் திரும்புவதும் அவனுக்கு வெகுகாலம் தெரியாது. ஹேமா பேச்சுவாக்கில் சொன்னபோதுதான் தெரிந்தது. “உங்கம்மாவா?” என்று கேட்டான். “ஆமாப்பா, எனக்கு முன்னாடி அம்மாதான் போய்ச் சேரும்” என்றாள் ஹேமா. குரல் மாறி, உயரமாகி, கதவு நிலையில் சாய்ந்து நின்று பேசுகிற பெண்ணாக அவள் எப்போது ஆனாள் என்று அவன் யோசித்தான். யோசித்துக்கொண்டே தூங்கிப்போனான்.

சொன்னபடியே பாதித் தவணையிலேயே கடன் முடிந்தது. பத்திரத்தை வாங்க அரைநாள் லீவு போட்டான், அந்தக் கம்பெனியில் அவன் போட்ட முதல் லீவு அது. சூப்பர்வைசர் எழுந்து கைகொடுத்தார். வங்கியிலிருந்து இறங்கியதும் புது வேட்டியும் சட்டையும் வாங்கி அங்கேயே உடுத்திக்கொண்டான், மல்லிகைப்பூ வாங்கினான், பால்கோவா வாங்கினான், நடுப்பகல் வெயிலில் தன் தெருவில் நடந்து வந்தபோது தன் வீட்டை வெளிச்சத்தில் நிதானமாகப் பார்த்தே எத்தனை காலமாயிற்று என்று நினைத்துக்கொண்டான். அலமேலு முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். பத்திரத்தை அவள் மடியில் வைத்து, பூவைக் கொடுத்து, “எழுந்திரு, வா” என்று அவள் கையைப் பிடித்தான். அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அவன் அடுப்படியைத் தாண்டி, தாழ்ப்பாளை நீக்கி, தன் சொந்த வீட்டின் கொல்லைக் கதவை இரண்டு கையாலும் அகலத் திறந்தான்.

வெடித்த சேற்றில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. எல்லைக் கற்கள் பாசி பிடித்துப் பச்சையாக நின்றன. குன்றுகள் காலோடு தெரிந்தன. கிளிஞ்சல் பொறுக்குகிற நாலைந்து பிள்ளைகளைத் தவிர, கண்ணுக்கெட்டிய தூரம் வரைக்கும் யாரும் இல்லை.

அவன் படியிறங்கினான். புது வேட்டி சேற்றில் புரள, முதல் குன்றைத் தாண்டி, இரண்டாவது குன்றைத் தாண்டி, தூரத்தில் எங்காவது ஒரு பளபளப்பு தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டே நடந்தான். திரும்பி வந்தபோது அலமேலு படியில் உட்கார்ந்திருந்தாள்.

“எப்ப?”

“மாசி மாசத்துலேருந்தே கொஞ்சங் கொஞ்சமா பின்னால போயிட்டிருந்துச்சுங்க. அந்தோணி அண்ணனுங்க லாரி புடிச்சுக் கெளம்பிட்டாங்க. முந்தாநாளு காலையில பாத்தா சுத்தமா இல்ல.”

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே.”

அவள் அவனை ஏறிட்டுப் பார்த்தாள். அந்தப் பார்வையில் குற்றம் சொல்லுகிற மாதிரி ஒன்றுமே இல்லை, அதுதான் அவனால் தாங்க முடியவில்லை. “கூப்புட்டுக் கூப்புட்டு, அப்புறம் கூப்புடுற பழக்கமே விட்டுப்போச்சுங்க” என்றாள்.

கடல் போனதையும் ஊர் எடுத்துக்கொண்டது. தாமோதரன் மறுபடி உப்பு மூட்டை இறக்கினார். கணக்கை மாற்றாமல் வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று என்று கிராம நிர்வாக அலுவலர் மகிழ்ந்தார். பெங்களூர்க்காரர்கள் வந்து மனைக்கு வேலி போட்டார்கள், மழை பெய்ததும் சீமைக்கருவேலம் முளைத்தது. ஆனால் கடல் இருந்தப்போ என்று தொடங்காமல் அங்கே யாராலும் ஒரு பேச்சைப் பேச முடியவில்லை. டீக்கடையில் நாலு பேர் சேர்ந்தால், கடல் இருந்தப்போ அடித்த காற்று, கடல் இருந்தப்போ நடந்த கல்யாணம், கடல் இருந்தப்போ பிறந்த பிள்ளை என்று போகும். முனிரத்தினம் வந்து உட்கார்ந்தால் வெளியூர்க்காரருக்குச் சொல்வதைப்போல ஒருவர் அவன் பக்கம் திரும்பி முதலிலிருந்து விளக்கிச் சொல்ல ஆரம்பிப்பார். அவர்கள் அன்பாகத்தான் செய்தார்கள். அவன் டீயைச் சீக்கிரம் குடித்துவிட்டு எழுந்து, கடனில்லாத வீட்டுக்குப் போய், வெள்ளையடித்த சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். இப்போது அவன் ஓவர்டைம் பார்ப்பதில்லை. சாயங்காலங்கள் நீளமாக இருந்தன. ஹேமா கல்லூரிக்குப் போவதும் வருவதுமாக இருந்தாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள்.

அடுத்த பொங்கல் முடிந்ததும், “பாண்டிச்சேரிக்குப் போலாம்” என்றான். இருவரும் மறுக்கவில்லை. திருவண்ணாமலை வழியாகப் போகிற பஸ்ஸில் அலமேலு ஜன்னலோரம் உட்கார்ந்து தூங்கிக்கொண்டே வந்தாள். கடற்கரையில் இறங்கியதும் ஹேமா செருப்பை உதறிவிட்டு ஓடி, துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டி, அலைக்குள் தலையைக் கொடுத்துக் காணாமல்போய், வெகுதூரத்தில் எழுந்தாள். முனிரத்தினம் மணலிலேயே நின்று அவ்வளவு தண்ணீரையும் பார்த்தான். அது அசைந்துகொண்டே இருக்கும் என்று அவனுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை, அல்லது சொல்லியும் அவன் கேட்கவில்லை. பக்கத்தில் அலமேலு, வேறொருத்தியின் பிள்ளையைப் பார்ப்பதுபோல, நல்லவிதமாகத்தான், ஆனால் தூக்கிக்கொள்ளக் கை நீட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இதே மாதிரிதான் இருந்துச்சா?” என்று கேட்டான்.

“இல்லீங்க. எங்க கடல் இப்படி இருக்காது. கொஞ்சம் பச்சையா இருக்கும். இவ்ளோ சத்தம் போடாது.”

எங்க கடல் என்று சொன்னாள். வீட்டை அவள் எப்போதும் நம்ம வீடு என்றுதான் சொல்வாள். சொன்னதை அவள் கவனிக்கவில்லை, அவன் கவனித்தான், கவனித்ததைக் காட்டிக்கொள்ளாமல் குனிந்து வேட்டியை மடித்துக் கட்டினான்.

இருவரும் தண்ணீரில் இறங்கினார்கள். முதல் அலையிலேயே அவன் தடுமாறி விழப்போக, அலமேலு அவன் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாள். “நேரா நிக்காதீங்க, தள்ளிரும். ஒருக்களிச்சு நில்லுங்க. காலை அகட்டி வெச்சுக்குங்க. ஆங், அப்படித்தான்.” அவள் பிடி வலுவாக இருந்தது. அவள் சொன்னபடி அவன் நின்றான். அடுத்த அலை அவன் இடுப்பில் மோதிப் பிரிந்து போனது, விழவில்லை என்றதும் குழந்தையைப்போல அவனுக்குச் சந்தோஷமாக இருந்தது.

தூரத்தில் ஹேமா ஒரு கையைத் தூக்கி ஆட்டினாள். முனிரத்தினமும் கையைத் தூக்கி ஆட்டினான், இங்கேதான் இருக்கிறேன் என்று உரக்கக் கத்தினான்.

“உங்களை இல்லீங்க” என்றாள் அலமேலு மெதுவாக. “என்னையத்தான் கூப்புடுறா. அவ்வளவு ஆழத்துக்கு நீங்க வர முடியாது. இங்கயே இருங்க, வந்துடறேன்.”

புடவையை வாரிச் செருகிக்கொண்டு, அவன் மணிக்கட்டை விட்டுவிட்டு, வந்த அலையின் கீழே நுழைந்து அவள் போனாள். இரண்டு தலைகளும் ஒன்றையொன்று நெருங்குவதைப் பார்த்தபடி, அவள் சொல்லிக் கொடுத்த மாதிரியே ஒருக்களித்து, காலை அகட்டி வைத்து, அவன் நின்றான்.